வாசித்துக் காட்டச் சொன்னவள்

எந்தத் தாளை நீட்டினாலும் அக்கா முதலில் வலது காதைத்தான் திருப்புவாள். இடது காது மந்தம். பதினாறு வருடம் மிஷின் சத்தத்துக்கு நடுவே நின்றதில் போனது. பேனாவை உடனே வாங்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, "வாசி, கேப்போம்" என்பாள். கடைசி வரி வரைக்கும் கண் திறக்காது.

கோவில்பட்டியைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு நூல் மில்லில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அங்கே வந்துதான் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவள் உள்ளே சைடர். நூல் சுற்றுகிற மிஷின் வரிசைகளுக்கு இடையே நாள் முழுக்க நடந்து, அறுந்த இழையை எடுத்து ஒட்டுகிற வேலை. நான் வெளியே டைம் ஆபீஸில் கிளார்க். வருகைப் பதிவும் லீவும் என் பொறுப்பு. பாதுகாப்பு சம்பந்தமான நோட்டுகளும் என் பொறுப்புதான். அந்த நோட்டுகளில் அவள் பெயரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. என் கையால் அவள் பெயரை எழுதியது போதும்.

மில்லில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பட்டப்பெயர். அவளுக்கு முன்னால் தாள்களை வாசிப்பது கோர்ட்டில் வாசிப்பது போலிருக்கும் என்பதால் யாரோ வைத்தது. மில் வேனில் யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், மற்ற பெண்கள் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டுப் பைக்குள் வைப்பார்கள். அக்கா அதை என்னிடம் நீட்டுவாள். தாத்தா பாட்டி பெயரில் ஆரம்பித்து, அச்சடித்த பிரஸ் பெயர் வரைக்கும் வாசிக்க வேண்டும். ஒருமுறை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பொண்ணோட தாய்மாமன் பேரக் காங்கலியே. கல்யாணத்தன்னைக்கு சண்டதான்." சண்டை வந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கடலைமிட்டாய் பாக்கெட், மாத்திரை அட்டை, மகளுடைய மார்க் ஷீட் எல்லாமே அப்படித்தான். அவள் படிக்காதவள் இல்லை. அஞ்சாவது வரைக்கும் போயிருக்கிறாள். எழுத்துக்கூட்டிப் படிப்பாள். 'மேற்படி', 'இதன்மூலம்', 'முன்னிலையில்' என்று வருகிற ஆபீஸ் தமிழில் மட்டும் மூன்றாவது வார்த்தையிலேயே நின்றுவிடுவாள்.

ஏன் இப்படி என்று ஒருநாள் வேனில் கேட்டேன். அவளுடைய அப்பாவுக்கு நாகலாபுரத்துப் பக்கம் நாலு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. மிளகாயும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் எடுக்கிற காத்தாடிக் கம்பெனிக்காரர்கள் லாரி போகப் பாதை கேட்டு வந்தார்கள். உள்ளூர்க்காரன் ஒருவன் பத்திரத்தை வாசித்துக் காட்டினான். பாதைக்கு என்றுதான் வாசித்தான். அப்பா கையெழுத்துப் போட்டார். அடுத்த ஐப்பசியில் விதைக்கப் போனபோது வாட்ச்மேன் வழிமறித்தான். எழுதிக் கொடுத்தது மொத்த நிலத்தையும்.

"வாசிச்சவன்ட்ட போய்க் கேட்டாவ. 'மேல இருந்து சொன்னாவ, நான் என்ன செய்ய'ன்னான். அதுக்குப் பெறகு எங்கப்பா காட்டுப் பக்கமே போகல" என்றாள். அதோடு பேச்சை விட்டுவிட்டாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவளைப் பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதியாகப் போட்டார்கள். அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் நூலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் அனுப்புகிற ஆடிட்டர்களும் அந்தக் குழுவின் நோட்டைத்தான் முதலில் கேட்பார்கள். அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், யூனியன் பேச்சுக்குப் போக மாட்டாள், ஒருநாளும் லீவு எடுக்க மாட்டாள். மேனேஜர் அதையெல்லாம் பார்த்துத்தான் பெயரைக் கொடுத்தார்.

ஆடிட் என்றால் எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முந்தின நாளே நெருப்பு வாளிகளில் மணல் நிரப்புவோம். அவசர வழிக் கதவுக்கு முன்னால் அடுக்கிய நூல் மூட்டைகளை நகர்த்துவோம். காலையில் ஆளுக்கொரு முகமூடி, காதுக்கு ஆளுக்கொரு ஜோடி அடைப்பான். சாயங்காலம் கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாவற்றையும் எண்ணித் திருப்பி வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவேன். மறுநாள் மூட்டைகள் கதவுக்கு முன்னால் வந்துவிடும். மற்ற நாட்களில் பெண்கள் தரையில் கிடக்கும் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த மாதக் கூட்ட அறிக்கையை எழுதி, கையெழுத்து வாங்க கேன்டீனுக்குப் போனேன். மற்ற மூன்று பேரும் டீ டம்ளரைக் கையில் வைத்தபடியே போட்டார்கள். அக்கா வலது காதைத் திருப்பினாள். வாசித்தேன். 'பாதுகாப்புக் குழுக் கூட்டம் மேலாளர் தலைமையில் நடைபெற்றது. அனைத்துத் தொழிலாளர்களுக்கும் காது அடைப்பான் வழங்கப்பட்டது.'

அவள் கண்ணைத் திறந்தாள். "இந்தக் கூட்டம் எங்கன நடந்துச்சு மேடம்?"

நான் நோட்டைப் புரட்டினேன்.

"நான் தப்பாக் கேக்கல. கூட்டத்துல நான் இருந்தேன்னு போட்டுருக்கீங்க. நான் இல்லியே. நடத்துங்க, போடுதேன்."

மேனேஜர் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். ஆடிட் நெருங்கிவிட்டதால் கடைசியில், "பத்து நிமிஷம் உக்காந்து தொலைவோம்" என்றார். அந்த மில்லில் உண்மையாகவே நடந்த முதல் பாதுகாப்புக் கூட்டம் அதுதான். அக்கா இரண்டே விஷயம் சொன்னாள். அவசர வழிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று உள்ளே ஒருத்திக்கும் தெரியாது. பெண்கள் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இரண்டையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னாள். எழுதினேன். மறுவாரம் சாவி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கதவோரம் தொங்கியது. தாழ்ப்பாளும் வந்தது.

அதற்குப் பிறகு அந்தக் குழு கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது. வேனில் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து குறை சொல்வார்கள். ஈரத் தரையில் வயர் கிடக்கிறது என்பாள் ஒருத்தி. டிராலிச் சக்கரம் உடைந்து காலில் ஏறுகிறது என்பாள் இன்னொருத்தி. மாதம் ஒருமுறை அக்கா அதையெல்லாம் விடாமல் ஒப்பிப்பாள், நான் எழுதுவேன், பிறகு வாசிப்பேன். ஒரு வார்த்தை மாறினாலும் பிடித்துவிடுவாள். "'சக்கரம் பழுது'ன்னு போடாத. ஒடஞ்சிருக்கு. ஒடஞ்சிருக்குன்னே போடு." எட்டு மாதம் இப்படிப் போனது. மேடம் என்று கூப்பிட்டவள் இதற்குள் ஏட்டி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டைவிட்டு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த எனக்கு, ஒரு நாளில் யாராவது ஒருத்தர் அப்படிக் கூப்பிடுவது தேவையாக இருந்தது.

அந்தப் பங்குனியில் அவள் கார்டிங் பிரிவைப் பற்றிப் பேசினாள். கார்டிங் என்பது பஞ்சைச் சீவுகிற மிஷின். உள்ளே முள் வைத்த பெரிய உருளை சுற்றும். பக்கவாட்டில் ஒரு கதவு உண்டு. கதவைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று கதவு விளிம்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஆனால் அடைத்த பஞ்சை எடுக்க ஒவ்வொரு தடவையும் மிஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும். அதனால் சுவிட்சை அமுக்கி டேப் சுற்றி வைத்துவிட்டார்கள். கதவு திறந்தாலும் உருளை ஓடும்.

"ஆறு மிஷின்ல கட்டி வச்சுருக்கு. நானே போய்ப் பாத்தேன். நாளைக்கே அவுத்துவிடணும்" என்று கூட்டத்தில் சொன்னாள். மேனேஜர் தலையை ஆட்டினார்.

கூட்டம் முடிந்ததும் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த மாதம் பெரிய ஆடிட். இதை எழுதினால் ஆர்டர் போய்விடும் என்றார். பிறகு அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'கார்டிங் இயந்திரங்களின் கதவு சுவிட்சுகள் அனைத்தும் தொழிலாளர் பிரதிநிதி முன்னிலையில் சோதிக்கப்பட்டு, நல்ல நிலையில் உள்ளன எனக் கண்டறியப்பட்டது.'

"அவங்க வாசிக்கச் சொல்வாங்களே சார்" என்றேன்.

"வாசி. பேப்பர்ல இருக்கதத்தான் வாசிக்கணும்னு எவன் சொன்னான்?"

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உனக்கு வேல நிரந்தரமாக இன்னும் எத்தன மாசம் இருக்கு?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் இருந்தது. அதுதான் காரணம். இத்தனை வருடமாக இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று தேடிப் பார்க்கிறேன். இல்லை.

கேன்டீனில் அக்காவின் வலது பக்கம் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நோட்டைப் பார்த்தபடியே, நோட்டில் இல்லாததை வாசித்தேன். "கார்டிங் இயந்திரங்களின் கதவு சுவிட்சுகள் கட்டப்பட்டுள்ளன. அவற்றை ஒரு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் எனத் தொழிலாளர் பிரதிநிதி கேட்டுக்கொண்டார்." ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"ஒரு வாரமா? நான் நாளைக்கேன்னுல்லா சொன்னேன்?"

"ஒரு வாரம்னு போட்டாத்தான் அவங்க செய்வாங்கக்கா. நாளைக்குன்னா முடியாதுன்னுருவாங்க."

யோசித்தாள். குனிந்து அந்த வரியில் விரலை வைத்து, 'கா-ர்-டி-ங்', 'சு-வி-ட்-சு' என்று எழுத்துக்கூட்டினாள். அந்த இரண்டு வார்த்தையும் அங்கே இருந்தன. இன்னும் நாலு வார்த்தை கூட்டியிருந்தால் பிடித்திருப்பாள்.

"சரி. நீ சொன்னா சரிதான் ஏட்டி" என்று பேனாவை வாங்கினாள்.

மூன்றாவது வாரம் காலை ஷிப்டில் முத்துச்செல்வி என்பவளின் கை கார்டிங் மிஷினுக்குள் போய்விட்டது. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள். பஞ்சு அடைத்துக்கொண்டதென்று கதவைத் திறந்து கையை விட்டிருக்கிறாள். என் ஜன்னலைத் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஷினிலிருந்து வந்த பஞ்சையே கையில் சுற்றியிருந்தார்கள். வெள்ளையாக ஆரம்பித்து வேனுக்குப் போவதற்குள் நிறம் மாறிவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அன்று மத்தியானத்துக்குள் ஆறு மிஷினிலும் டேப்பை அவிழ்த்துவிட்டார்கள். பத்து நிமிட வேலை.

முத்துச்செல்வியின் புருஷன் ஆட்களோடு கேட்டுக்கு வந்தான். மேனேஜர் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் காட்டினார். "உங்க ஜட்ஜம்மாவே பாத்துட்டு எல்லாம் நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டுருக்கா. உன் பொண்டாட்டிதான் அவசரத்துக்கு டேப்பச் சுத்தியிருப்பா." அவன் நேராக அக்காவின் வீட்டுக்குப் போனான். தெருவே கேட்கிற மாதிரி ஏசினான் என்று வேனில் பேசிக்கொண்டார்கள். வேனில் அவளுக்குப் பக்கத்து இடம் அன்றிலிருந்து காலியாக இருந்தது.

மறுநாள் அவள் டைம் ஆபீஸுக்கு வந்தாள். காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"அந்த நோட்ட எடு. அந்தப் பக்கத்த வாசி."

எடுத்தேன். இந்தத் தடவை இருந்ததை வாசித்தேன். அவள் கண்ணை மூடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம்."

வாசித்தேன்.

"அன்னைக்கு ஏன் இத வாசிக்கல?"

"மேனேஜர் சொன்னாருக்கா."

"அப்பாவுக்கு வாசிச்சவனும் இதத்தான் சொன்னான்" என்றாள். பிறகு, "இன்ஸ்பெக்டர் வாராராம்ல. அவர்ட்ட நடந்தத சொல்லு. வேற ஒண்ணும் நீ செய்ய வேண்டாம்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் கழித்து வந்தார். நடுவயதுக்காரர், தன்மையாகப் பேசினார். மேனேஜர் அறையில் அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நான் பீரோவை ஒட்டி நின்றேன்.

"இது உங்க கையெழுத்துதானம்மா?"

"என் கையெழுத்துதான் சார். ஆனா எனக்கு வாசிச்சது வேற. சுவிட்சக் கட்டி வச்சுருக்கு, அவுக்கணும்னு வாசிச்சாவ. அதுக்குத்தான் போட்டேன்."

"யார் வாசிச்சது?"

அவள் என்னைக் கை காட்டவில்லை. திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் என்னிடம் கேட்டார். "என்னம்மா வாசிச்சீங்க?"

மேனேஜர் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என் வேலை நிரந்தர ஆணை அந்த அறையில்தான் எங்கோ கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"நோட்டுல இருந்ததத்தான் சார் வாசிச்சேன்."

சொல்லி முடித்த பிறகும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்தாள் போல. பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "அப்ப எனக்குத்தான் காது சரியில்ல போல சார்."

அவள் கசப்பில் சொன்ன வார்த்தை அது. மேனேஜர் உடனே பிடித்துக்கொண்டார். "ஆமா சார். இந்தம்மாவுக்குக் காது கேக்காது. உள்ள எல்லாருக்கும் தெரியும். வேணும்னா கேட்டுப் பாருங்க." இன்ஸ்பெக்டர் அவளுக்கு இடது பக்கமாக நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் எதையோ எழுதிக்கொண்டார். அந்தக் காது எங்கே வைத்துப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். கேட்கும் திறன் குறைந்த ஒருவர் இயந்திரப் பிரிவில் பணிபுரிவது அவருக்கும் பிறருக்கும் பாதுகாப்பானதல்ல, எனவே பாதுகாப்பு விதிகளை முன்னிட்டு அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அந்த மில் பாதுகாப்பு விதிப்படி செய்ததாக எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான். கடிதத்தை அடித்தவள் நான். அவளிடம் கொடுக்கச் சொன்னதும் என்னிடம்தான். நீட்டினேன். வாங்கி, நாலாக மடித்தாள்.

"வாசிக்கட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

"வேண்டாம். வீட்ல மக வாசிப்பா."

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. செருப்பு முழுக்கக் கரிசல் மண் அப்பிக்கொண்டது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். அவள் அப்போது புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் தையல் யூனிட்டில் நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும். வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தாள்.

"வாங்க மேடம்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். மகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னாள். நான் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்தது. அவள் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"முத்துச்செல்வியப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

முத்துச்செல்வி திரும்ப மில்லுக்கே வந்துவிட்டாள் என்றேன். கேன்டீனில் ஒற்றைக் கையால் டம்ளர் கழுவுகிறாள். தவறு தன்னுடையதுதான் என்று புருஷனும் அவளும் எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்த வேலை கிடைத்தது.

"அவளுக்கு யாரு வாசிச்சாவ?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்கள நான் குத்தம் சொல்லல மேடம். நீங்களும் வேலைக்கு வந்தவுகதான். ஆனா முத்துச்செல்வி புருஷன் இன்னைக்கும் என்னைய வழில பாத்தா காறித் துப்புதான். நீங்க அழுதீங்க, மனசு ஆறிப் போயிரும். எனக்கு அவன் துப்புறது நிக்கணும்லா? அவன்ட்ட போய்ச் சொல்ல முடியுமா உங்களால?"

சொல்கிறேன் என்றேன்.

"சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கன வர வேண்டாம்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் மகள் கூட வந்து வழி காட்டினாள். முத்துச்செல்வியின் வீடு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். நான் கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினேன். நாளைக்குப் போகலாம் என்று அன்று நினைத்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு என்று நினைத்தேன். இன்றுவரை போகவில்லை.

நான் இன்னும் அந்த மில்லில்தான் இருக்கிறேன். வேலை நிரந்தரமானது. இப்போது என் மேஜைமேல் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பலகை இருக்கிறது. குழுவில் அக்காவின் இடத்துக்கு வந்தவள் சின்னப் பெண், பிளஸ் டூ படித்தவள், சரளமாக வாசிப்பாள். ஆனால் வாசிப்பதில்லை. எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்பாள்.

போன வருட ஆடிட்டுக்கு வந்தவர் பொறுமையான மனிதர். பழைய நோட்டுகளையும் கேட்டு வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நடுவில் எட்டு மாதப் பக்கங்கள் வந்ததும் நிதானித்தார். சக்கரம் உடைந்திருக்கிறது, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, கதவுச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் கீழே சரிசெய்த தேதி. அவர் நிமிர்ந்து மேனேஜரிடம் சொன்னார், மற்ற மில்களில் கூட்ட அறிக்கை எல்லாம் ஒரே மாதிரி, ஆபீஸ்காரர்களே எழுதியது மாதிரி இருக்கும், இதில்தான் தொழிலாளர்களின் குரல் கேட்கிறது என்று. அந்தப் பக்கங்களை மாதிரிக்காக நகல் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

மேனேஜர் என்னைக் காட்டினார். "எல்லாம் இவங்க எழுதினதுதான் சார்."

ஆடிட்டர் எழுந்து நின்று எனக்குக் கை நீட்டினார். நானும் கையை நீட்டினேன்.